தேக்கடிக்கு முதல் தடவை போகிறீர்களா? அணை நீர்மட்டம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

மதுரை, தேனிப் பக்கத்து நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னச் செய்தி வரும். முல்லைப் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. விவசாயிகளைத் தவிர வேறு யாரும் அதை நின்று படிப்பதில்லை. தேக்கடிக்கு டூர் போகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான் என்பது என் கட்சி. ஹோட்டல், பஸ், படகு டிக்கெட் எல்லாம் அப்புறம்.

காரணம் இதுதான். தேக்கடி ஏரி தானாக உண்டான ஏரி இல்லை. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைக் காட்டுக்குள் மறித்து, 1895-ல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் அது. மலைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறி நின்றதால் அதற்கு ஒரு ஒழுங்கான வடிவமே கிடையாது. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரலை நுழைத்த மாதிரி புகுந்து கிடக்கும். மொத்தம் சுமார் 26 சதுர கிலோமீட்டர். மட்டம் ஏறினால் தண்ணீர் மரங்களின் காலடி வரை வந்துவிடும். இறங்கினால் காட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே புல்வெளி பட்டையாக வெளிப்படும். யானையும் காட்டெருமையும் மேய வருவது அந்தப் புல்லுக்குத்தான். படகிலிருந்து நமக்குத் தெரிவதும் அந்தப் பட்டைதான்.

உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்தபடி 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வருடம் முழுக்க ஏரி ஏறி இறங்குகிறது. நான் நாலைந்து தடவை போனதில் கண்ட கணக்கைச் சொல்கிறேன். 115, 120 அடி வாக்கில் இருந்தால் விலங்கு பார்க்கப் போகலாம். 135-ஐத் தாண்டிவிட்டால் ஏரியைப் பார்க்கப் போகலாம். இரண்டும் நல்ல பயணம்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நிறைந்த ஏரியில் போய்விட்டு “ஒரு யானைகூட இல்லை” என்று திரும்புகிறவர்களைப் படகுத்துறையில் தினமும் பார்க்கலாம்.

எந்த மாதம்

மார்ச், ஏப்ரலில் காட்டுக்குள் இருக்கும் சின்ன ஓடைகள் வற்றிவிடும். விலங்குகள் ஏரிக்கு இறங்கி வந்தே ஆக வேண்டும். வெயில் கொஞ்சம் உறைக்கும், ஆனாலும் தேக்கடியை ஒட்டிய எல்லை ஊரான குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மதுரை வெயிலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. பச்சையும் மேகமும் பிடித்தவர்களுக்கு அது நல்ல காலம், அட்டைக்கும் அதுதான் நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டு ஏரி நிறைந்து நிற்கும். டிசம்பர், ஜனவரியில் காலையில் நல்ல குளிர்.

ஆனால் கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி முடியும் வரை யோசித்துப் போங்கள். சபரிமலை இதே பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிறைய குமுளி வழியாகத்தான் போகும். அந்த சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, ஏறும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. தெரியாமல் போனால் “இதென்ன வேறு மலையில் ஏறுகிறோம்?” என்று குழம்புவீர்கள். சித்ரா பௌர்ணமியும் அப்படித்தான். காட்டுக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலை வருடத்துக்கு அந்த ஒரு நாள்தான் திறந்துவிடுகிறார்கள். கண்ணகியைக் கும்பிடப் போகிறவர்களுக்கு அது பெரிய நாள். படகுக்காக வருகிறவர்கள் அன்றைக்கு ரூமுக்கும் ஜீப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

போய்ச் சேர்வது

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து குமுளிக்கு நேரடி பஸ் உண்டு. சுமார் 140 கிலோமீட்டர், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், அப்புறம் மலை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மதுரை வரை ரயிலில் வந்து மாறலாம். போடி வரை அகலப்பாதை வந்துவிட்டதால், வாரத்தில் சில நாட்கள் ஓடும் சென்னை - போடி ரயிலில் தேனியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். சின்னமனூர் தாண்டியதும் வலது ஜன்னலோரம் இருந்தாலும் சரி, இடது ஜன்னலோரம் இருந்தாலும் சரி, தூங்காதீர்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த அணைத் தண்ணீரை நம்பி இருக்கிறது. ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே ஏரியின் வேலையைப் பார்த்துவிடுகிறீர்கள்.

லோயர் கேம்பிலிருந்து குமுளி ஆறேழு கிலோமீட்டர்தான், முழுக்க வளைவு. வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் கம்பத்தில் பரோட்டா சாப்பிடுவதைத் தள்ளிப்போடலாம். ஏறும்போது மலையிலிருந்து நாலு பெரிய இரும்புக் குழாய்கள் கீழே இறங்குவதைக் காண்பீர்கள். ஏரித் தண்ணீர் தேக்கடித் தலைமதகில் புகுந்து, மலைக்குள் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் குடைந்த சுரங்கத்தில் வந்து, இந்தக் குழாய் வழியாக லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கே மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வைரவனாறு, முல்லையாறு, வைகை என்று போய்விடும். மேற்கே போக வேண்டிய ஆறு கிழக்கே திரும்புகிற இடம் அது. பஸ் ஜன்னலில் முப்பது விநாடிதான் தெரியும்.

தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே கேரளத்துக்குள் போகலாம். சொந்தக் காரில் போனால் சிக்கல் இல்லை. வாடகைக் கார் என்றால் கேரள பர்மிட் போட்டாயிற்றா என்று டிரைவரிடம் ஊரிலேயே கேட்டுவிடுங்கள். மலை உச்சியில் நின்று அதைப் பற்றிப் பேசுவது யாருக்கும் நல்லதில்லை. மொழிக் கவலை வேண்டாம். குமுளிக் கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழில்தான் பேரம் பேசுவார்கள். அணை விவகாரத்தை மட்டும் டீக்கடையில் ஆரம்பிக்காதீர்கள். டீ ஆறிவிடும்.

ஒரு ராத்திரி தங்குங்கள்

காலையில் மதுரையில் கிளம்பி, மதியம் படகு ஏறி, ராத்திரி வீடு திரும்பும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கிறிஸ்துமஸ் லீவு. குமுளியில் இறங்கும்போது மணி பதினொன்று. படகு டிக்கெட் இருக்கிறது என்று சாலையில் ஒருவர் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு போனவர், இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசிப் படகுக்கு டிக்கெட் கொண்டுவந்தார். அந்தப் படகில் நாங்கள் பார்த்த ஒரே விலங்கு ஒரு காட்டுப்பன்றி. அதுவும் புதருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. என் தங்கை மகன் இன்றும் தேக்கடி என்றால் “பன்றி முதுகு” என்றுதான் சொல்கிறான்.

முதல் நாள் மதியத்துக்குள் குமுளி போய்ச் சேருங்கள். சாயங்காலம் கடைத்தெரு சுற்றலாம். ஒரு மணி நேரக் கதகளியோ களரியோ டிக்கெட் போட்டு நடத்துகிறார்கள், அதையும் பார்க்கலாம். சீக்கிரம் படுத்துவிட்டு மறுநாள் காலை முதல் படகு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படகு டிக்கெட்

பல வருடங்களாகப் படகுகள் கிளம்பும் நேரம் காலை 7.30, 9.30, 11.15, மதியம் 1.45, 3.30. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேரள வனத்துறை படகும் உண்டு, கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகும் உண்டு. இரண்டும் ஒரே ஏரியில், ஏறக்குறைய ஒரே தடத்தில் போகின்றன. எது நல்லது என்று மூளையைக் குழப்பிக்கொள்ளாமல், எதில் காலை 7.30 கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டுக்கும் ஆன்லைனில் பதிவு செய்யலாம். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் நாள் குறித்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். கூட வருகிறவர்களின் பெயர், வயது எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காட்டுக்குள் நுழைய நுழைவுக் கட்டணம் தனி, படகுக் கட்டணம் தனி. புதிதாகப் போகிறவர்கள் இதில்தான் ஏமாந்த மாதிரி உணர்வார்கள்.

இரண்டாவது தேர்வு எது என்று கேட்டால் 3.30. வெயில் இறங்கும் நேரம் என்பதால் விலங்குகள் வெளியே வர வாய்ப்பு உண்டு, என் பன்றிக் கதை விதிவிலக்கு. 11.15, 1.45 இரண்டும் உச்சி வெயிலில். நமக்கே நிழல் தேடத் தோன்றும்போது யானைக்குத் தோன்றாதா?

அந்தக் காலை

குமுளியிலிருந்து படகுத்துறை மூன்று நாலு கிலோமீட்டர். சொந்த வண்டியை அங்கே கொண்டுபோக முடியாது. ஆனவச்சால் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் ஏறிப் போக வேண்டும். 7.30 படகுக்கு ஆறேகாலுக்கு ஆனவச்சாலில் நின்றால் நிதானமாகப் போகலாம். பஸ் வரிசை, டிக்கெட் சரிபார்ப்பு, இறங்கிக் கீழே நடப்பது என்று நேரம் எப்படியோ ஓடிவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் இன்னும் ஒரு கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரோ சால்வையோ கட்டாயம் வேண்டும், தண்ணீரின் மேல் காற்று வெட்டும். பைனாகுலர் யாரிடமாவது இருந்தால் கடன் வாங்குங்கள். பிளாஸ்டிக் பை, தின்பண்டப் பாக்கெட் எல்லாம் ரூமிலேயே இருக்கட்டும். காட்டுக்குள் பிளாஸ்டிக்குக் கெடுபிடி உண்டு. அதையும் மீறி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுபோனால் படகுத்துறைக் குரங்குகள் பார்த்துக்கொள்ளும். கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். படகு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போகும், நடுவில் எங்கும் நிற்காது.

படகில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள். போட்டோவுக்காகக் கழற்றாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்த்ததும் எல்லோரும் ஒரு பக்கமாகப் போனார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. இன்றைக்குப் படகு ஊழியர்கள் “உட்காருங்கள், உட்காருங்கள்” என்று சிடுசிடுப்பதன் பின்னால் அந்த நாள் இருக்கிறது. எந்தப் பக்க சீட் நல்லது என்ற சண்டையும் தேவையில்லை. போன வழியேதான் திரும்பி வரும். போகும்போது உங்களுக்குக் கிடைக்காத கரை வரும்போது கிடைக்கும்.

படகு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு நடுவே கறுப்பாகக் கம்பங்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். முதலில் யாரோ நட்டுவைத்த மாதிரிதான் தோன்றும். அவையெல்லாம் அணை கட்டியபோது மூழ்கிய காட்டு மரங்கள். நூற்று முப்பது வருடமாகத் தண்ணீரில் நின்றபடியே இருக்கின்றன. தண்ணீர் ஏறி இறங்கிய தழும்பு அவற்றின் உடம்பில் பட்டை பட்டையாகத் தெரியும். உச்சியில் நீர்க்காகங்கள் இருக்கும். பாம்புத்தாரா இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துக் காயப்போட்டபடி, துணி உலர்த்தும் கொடி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். படகு பத்தடி பக்கத்தில் போனாலும் கண்டுகொள்ளாது. எனக்குத் தேக்கடி என்றால் யானை இல்லை, இந்த மரங்கள்தான்.

யானைக்காகக் கண்ணைக் கரையின் மேல் விளிம்பில், புல்லும் மரமும் சேரும் கோட்டில் வையுங்கள். தண்ணீரோரம் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள். பாறை என்று நீங்கள் முடிவுகட்டியதில் ஒன்று காதை ஆட்டும். காட்டெருமைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும், காலுறை போட்டதுபோல. தூரத்தில் அடையாளம் காண அதுதான் எளிது. கடமான்கள் கூட்டமாக நின்று படகையே பார்க்கும். தண்ணீரில் நாலைந்து தலைகள் மேலே வந்து மறைந்தால் அது நீர்நாய்க் கூட்டம். ஒரு தடவை அதில் ஒன்று மல்லாந்து மிதந்தபடி மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. படகே சத்தமில்லாமல் ஆகிவிட்டது. புலி? 1978 முதல் இது புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். புலி உள்ளே இருக்கிறது. படகிலிருந்து தெரியும் என்ற நினைப்பைக் குமுளியிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.

மேலூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் எங்கள் பெரியப்பாவை ஒரு தடவை கூட்டிப்போயிருந்தேன். யானைக் கூட்டத்தை எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏண்டா, இதுதானா நம்ம வாய்க்காலுக்கு வர்ற தண்ணி?” என்றார். ஆமாம் என்றேன். “இவ்வளவு தெளிவா இருக்கு. நம்மகிட்ட வரும்போது கலங்கிப்போயில்ல வருது” என்று சொல்லிவிட்டுத் திரும்பும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். படகு அணை வரை போகாது. அணை உள்ளே வெகு தூரத்தில் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதியும் இல்லை. “டேம் எங்கே?” என்று ஒவ்வொரு படகிலும் ஒருவர் கேட்பார், அது நீங்களாக இருக்க வேண்டாம்.

படகு மட்டும் போதாது என்றால்

கையில் இன்னொரு நாள் இருந்தால் நடந்து போங்கள். வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் பதிவு செய்தால் இரண்டு மூன்று மணி நேரக் காட்டு நடை, எல்லையோர மலையேற்றம், காலை முதல் மாலை வரை மூங்கில் மிதவைப் பயணம் என்று பல உண்டு. கூட வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் மன்னான், பளியர் பழங்குடிச் சமூகத்தினர். ராத்திரி காட்டுக்குள் கூடாரத்தில் தங்கும் ‘டைகர் டிரெயில்’ பயணத்தை ஆரம்பத்திலிருந்து நடத்தியவர்கள், ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு லவங்கப் பட்டை) உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும். 1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களைப் பிடித்துச் சிறையில் வைப்பதற்குப் பதில் காவலுக்கு வைத்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும், ஏன் தெரியும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் எண்ணிக்கை குறைவு, அதனால் முன்கூட்டியே பதிவு அவசியம்.

மூங்கில் மிதவையில் இன்ஜின் சத்தம் கிடையாது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும். காசு கொஞ்சம் கூடத்தான். இரண்டு படகுச் சவாரிக்குச் செலவழிப்பதை இதில் போடலாம் என்பேன்.

அட்டைக் கடிக்கு முழங்கால் வரை வரும் துணிக் காலுறை தருவார்கள், இறுக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் ஒன்று ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு போட்டால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டையும் சென்ட்டும் அன்றைக்கு வேண்டாம்.

நடக்கவும் முடியாது, ஆனால் காடு பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு மலிவு வழி. குமுளியிலிருந்து கவி என்ற காட்டு ஊர் வழியாகப் பத்தனம்திட்டா போகும் கேரள அரசு பஸ். சாதாரண டவுன் பஸ் மாதிரிதான் இருக்கும், காட்டுக்கும் அணைகளுக்கும் நடுவே போகும். ஜன்னல் சீட் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாடும் சரக்கும்

காலையில் புட்டு, கடலைக் கறி, கட்டன் சாயா. மதியம் மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஏலக்காய் வாங்காமல் யாரும் குமுளியை விட்டு வருவதில்லை. வண்டன்மேடு, புற்றடி எல்லாம் பக்கத்தில்தான், நாட்டின் பெரிய ஏலக்காய் ஏலம் நடப்பது இந்த வட்டாரத்தில். கடையில் காய் பருமனை மில்லிமீட்டரில் சொல்வார்கள், எட்டு மில்லிமீட்டர் என்றால் நல்ல பெரிய காய். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே விதை கறுப்பாக, விரலில் லேசாக ஒட்டினால் வாங்கலாம். வெளிறிச் சுருங்கியிருந்தால் அடுத்த கடை. மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். பப்பாளி விதை மிதக்கும், நல்ல மிளகு மூழ்கும். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டு மசாலா, கைச் சாக்லேட், மூலிகைத் தைலம் என்று இழுப்பார்கள். சிப்ஸ் மட்டும் கண் முன்னால் தேங்காய் எண்ணெயில் பொரிப்பதை வாங்குங்கள்.

திரும்பும் வழியில்

சொந்த வண்டி என்றால் லோயர் கேம்பில் ஒரு கால் மணி நேரம் நிறுத்தலாம். பென்னிகுவிக்குக்கு அங்கே 2013-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. அணை கட்டும்போது வெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போனது, பணம் தட்டுப்பட்டபோது அவர் ஊரில் இருந்த சொத்தை விற்றுக் கட்டினார் என்று தேனிப் பக்கம் யாரைக் கேட்டாலும் கதை சொல்வார்கள். எவ்வளவு கதை, எவ்வளவு நிஜம் என்று அவர்களிடம் வாதாடாதீர்கள். டீக்கடையிலும் வீட்டிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கிற ஊர் அது. அவர் பிறந்த நாள் ஜனவரி 15, தைப்பொங்கலை ஒட்டி வருவதால் பொங்கல் வைத்தே கொண்டாடுகிறார்கள்.

அப்புறம் கூடலூர், கம்பம் சாலையோரத்தில் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். கடையில் வாங்குவதைவிடத் தோட்டத்து வாசலில் வாங்கினால் அன்றைக்குப் பறித்ததாக இருக்கும். ஒன்றைத் தின்று பார்த்து, கொட்டையைத் துப்பிவிட்டு, அப்புறம் விலை கேளுங்கள். பெட்டியை டிக்கியில் ஏலக்காய்ப் பைக்கு மேலே வையுங்கள், அடியில் வைத்தால் மதுரை போவதற்குள் ஜூஸாகிவிடும்.